பக்கத்து நாற்காலி

தணிகைவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. வங்கி வேலையை விட்டுவிட்டு மென்பொருள் எழுதக் கற்க வந்தவர். குருவாக வாய்த்த மெஹருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் மெஹருன்னிசாவிடம் கிடையாது. தணிகைவேலுக்கு அதில் தீராத எரிச்சல்.

"மேடம், இன்னிக்காவது சொல்லிடுங்க. டெஸ்க்டாப் ஆப்பா, பிரவுசர் எக்ஸ்டென்ஷனா?"

நோயாளிகளுக்குப் போகும் கடிதங்களைத் திருத்திக் கொடுக்கும் இணையதளம் அவர்கள் கம்பெனியுடையது. வாங்கியிருப்பது ஒரே ஒரு ஆஸ்பத்திரி. ஒவ்வொரு கடிதத்தையும் நகலெடுத்து, இங்கே ஒட்டி, திருத்தி, மறுபடி அங்கே ஒட்டி அலுத்துப்போனவர்கள், திங்கட்கிழமையோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களும் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

தணிகைவேல் இரண்டையும் எழுதி வைத்திருந்தார். தனியாகத் திறக்க வேண்டிய ஆப் ஒன்று, பிரவுசருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று. எதைக் கொடுப்பது என்றுதான் புரியவில்லை.

"அவகாசம் கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதுங்க சார். சந்தேகம் வந்தா என் ரூமுக்கு வந்து கேளுங்க."

அந்த அறை வராந்தாவின் மறுகோடியில் இருந்தது. தணிகைவேல் ஒரு வரி எழுதுவார், எழுந்து போய்க் கேட்பார், திரும்பி வருவதற்குள் அடுத்த வரி மறந்துபோகும். மத்தியானம் வரை குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தும் கடிதம் பாதிகூட நகரவில்லை. இந்த அம்மா என் உயிரை வாங்கவே பிறந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"முடியல மேடம். கால் விட்டுப்போச்சு."

"சரி, நானே வர்றேன்."

மெஹருன்னிசா நாற்காலியை இழுத்து வந்து தோளோடு தோளாக உட்கார்ந்தார். கடிதம் கடகடவென்று முடிந்தது. தணிகைவேல் நிம்மதியாக மூச்சுவிட்டு, காலையில் வந்திருந்த தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் திரையில் திறந்தார்.

"சர்க்கரை வெறும் வயித்துலயே இருநூத்தி எண்பதா? அப்புறமும் சீனி போட்டு டீ குடிச்சீங்களே சார்."

அவசரமாக அதை மூடிவிட்டு மனைவி அனுப்பிய செய்திக்குப் போனார்.

"வீட்ல சண்டையா? நேத்து பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருக்காங்க."

தணிகைவேலுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"அதையெல்லாம் ஏன் மேடம் பாக்குறீங்க? கடிதம் எழுதுறப்ப நான் கூப்பிடுறேன், வந்து அதை மட்டும் பாருங்க. மத்த நேரம் தயவுசெஞ்சு எழுந்து போங்க."

மெஹருன்னிசா உடனே எழுந்துகொண்டார்.

"நான் மனுஷி சார். போங்கன்னா போயிடுவேன். நீங்க எழுதி வச்சிருக்கீங்களே எக்ஸ்டென்ஷன், அது எந்தெந்தப் பக்கத்தைப் பாக்க அனுமதி கேக்குது?"

எல்லாப் பக்கங்களையும் என்று எழுதியது தணிகைவேல்தான். ஆஸ்பத்திரியின் பிரவுசரில், கடிதத்துக்குப் பக்கத்திலேயே நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் திறந்திருக்கும்.

தணிகைவேல் எக்ஸ்டென்ஷனைத் திறந்து அந்த வரியை அழித்தார்; கடிதம் எழுதும் பக்கம் மட்டும், அதுவும் கூப்பிட்டால் மட்டும் என்று மாற்றி எழுதினார்.