எவரிஸ்டோவின் பேர் வராத ரேடியோ

போர்த்துகல் தேசத்தில், மத்தி மீனை டப்பாவில் அடைத்து அனுப்புகிற கடலோர ஊர் ஒன்றில் ஒரு குரு இருந்தார். ஆசிரமம் கிடையாது, கால்பந்து மைதானம்தான். தாடி கிடையாது, ஏனென்றால் அவர் பெண். பெயர் இல்டா. அந்தத் தேசத்தில் ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரை 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இல்டா வந்தபோது இவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு வாரம் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் அவரையும் மிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

சீடன் எவரிஸ்டோ. குருவைவிட வயதில் மூத்தவன். நடுக்கள ஆட்டக்காரன். அதாவது கோலைத் தடுப்பவனும் இல்லை, போடுபவனும் இல்லை. பின்னால் இருப்பவனிடம் வாங்கி முன்னால் இருப்பவனிடம் கொடுப்பவன். அவனிடம் பந்து நின்றதே கிடையாது. வரும், ஒரு தட்டு, போய்விடும். அவன் கால் பட்ட விஷயம் பந்துக்கே தாமதமாகத்தான் தெரியும் என்று சொல்வார்கள்.

இந்த ஊரில்தான் ஆடத் தொடங்கினான். பிறகு லிஸ்பன். பிறகு துருக்கி. துருக்கியில் ஒரு ஆட்டம் முடிந்ததும் இவனை மைதானத்திலேயே மறந்துவிட்டு பஸ் கிளம்பிவிட்டது. பஸ் ஊர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் இவன் நின்றுகொண்டிருந்தான். இடைவெளி பார்த்து நுழைவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

முழங்கால் வலிக்கத் தொடங்கியதும் சொந்த ஊருக்கே திரும்பி வந்தான். இத்தனை வருஷத்தில் ஒரு கோல்கூடப் போட்டதில்லை.

இன்னும் இரண்டு ஆட்டம். அதோடு ஓய்வு.

பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, குருவின் எதிரே வந்து நின்றான்.

"மிஸ்டர், ஒன்று கேட்க வேண்டும்."

"கேள்."

"மிச்சமிருக்கிற இரண்டு ஆட்டத்திலும் என்னை முன்வரிசையில் ஆட விடுவீர்களா?"

"எதற்கு?"

"ஒரு கோல் போட."

"இத்தனை நாள் வராத ஆசை!"

"ஆசை எனக்கில்லை. அம்மாவுக்காக."

அவன் அம்மா அல்பெர்த்தீனா மீன் டப்பா ஆலையில் வேலை பார்த்தவள். இப்போது கண் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் உள்ளூர் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வர்ணனை சொல்பவர் ஜசிந்தோ. பந்து யாரிடம் இருக்கிறதோ அவன் பேரைச் சொல்வார். எவரிஸ்டோ என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் பந்து அடுத்தவனிடம் போயிருக்கும். அடுத்தவன் பேரைச் சொல்லிவிடுவார். ஆட்டம் தொடங்குமுன் எல்லார் பேரையும் வாசிப்பார்களே என்றால், அந்த நேரத்தில் ஜசிந்தோ எதிர்க்கடையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

"வீட்டுக்குள் கால் வைத்ததும், 'இன்றைக்கும் உன்னை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களா, கண்ணே?' என்று கேட்கிறாள், மிஸ்டர்."

"ஆடினேன் என்று சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சமாதானம் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்."

"பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லலாமே?"

"சொன்னார்கள். 'என் மனசு நோகக் கூடாதென்று ஊரே சேர்ந்து பொய் சொல்கிறதே, எவ்வளவு நல்ல ஜனங்கள்!' என்று அவர்களுக்கெல்லாம் மீன் சூப் வைத்துக் கொடுத்தாள்."

குரு சிதறிக் கிடந்த பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கோல் போட்டால் ஜசிந்தோ என் பேரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? ஒரே ஒரு தடவை, மிஸ்டர். அவள் இருக்கும்போதே."

குரு பையின் வாயைக் கட்டினார்.

"இந்த ஞாயிறு நீ ஆட வேண்டாம்."

"மிஸ்டர்?"

"பெஞ்சுக்கும் வராதே. அம்மாவோடு உட்கார்ந்து ரேடியோ கேள்."

"இருப்பதே இரண்டு ஆட்டம்!"

"எனக்கும் எண்ணத் தெரியும்."

"நான் அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்?"

குரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கிற சத்தம் கேட்டு அல்பெர்த்தீனா தலையைத் திருப்பினாள்.

"யாரது?"

"நான்தான் அம்மா."

"ஆட்டம் தொடங்கப் போகிறதே, இங்கே என்ன பண்ணுகிறாய்?"

"இன்றைக்கு என்னை உட்கார வைத்துவிட்டார்கள்."

அவள் முகம் கனிந்துவிட்டது. "இன்றைக்காவது மறைக்காமல் சொன்னாயே. வா, பக்கத்தில் வந்து உட்கார்."

ஆட்டம் தொடங்கியது. ஜசிந்தோ வழக்கம்போல மூச்சுவிடாமல் பேர்களைச் சொல்லிக்கொண்டு ஓடினார். திடீரென்று தடுக்கி நின்றார்.

"பந்து நடுவுக்கு வருகிறது... அங்கே ஆளே இல்லை! எதிராளி எடுத்துக்கொண்டுவிட்டான். அங்கேதானே எவரிஸ்டோ நிற்பார்?"

அம்மாவின் கை மகன் கையைப் பிடித்தது.

"என்னடா சொன்னான்?"

"ஒன்றுமில்லை அம்மா. கேள்."

"மறுபடியும் நடுவில் ஓட்டை! எவரிஸ்டோ இருந்தால் இந்தப் பந்து இந்நேரம் வலது ஓரத்துக்குப் போயிருக்கும். எவரிஸ்டோ எங்கே? மிஸ்டருக்கு என்ன ஆயிற்று? ஐயோ, எவரிஸ்டோ!"

இடைவேளைக்குப் பிறகு ஜசிந்தோ ஆடுகிறவர்களையே மறந்துவிட்டார். எதிரணி கோல் போட்டபோது, போட்டவன் பேருக்குப் பதிலாக "எவரிஸ்டோ!" என்று அலறினார் என்று அந்த ஊரில் சத்தியம் செய்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அழுதார், அது உண்மை.

நாலு கோல் வாங்கித் தோற்றார்கள்.

அல்பெர்த்தீனா ரேடியோவை அணைத்தாள்.

"இத்தனை நாளும் உன் பேர் வந்ததில்லை."

"வந்ததில்லை."

"இன்றைக்கு நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். பேராய் வருகிறது."

"ஆமாம்."



"அப்படியென்றால், பேர் வராத நாளிலெல்லாம்..."

"மைதானத்தில்தான் அம்மா இருந்தேன்."

அவள் குனிந்து, கையால் தேடி, அவன் முழங்காலைத் தொட்டாள். வீங்கியிருந்தது.

"உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வீக்கம் என்றல்லவா நினைத்தேன்," என்றாள். பிறகு ஆலிவ் எண்ணெயைச் சுட வைத்து எடுத்து வரச் சொன்னாள். இருட்டும்வரை தேய்த்தாள். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தத் தோல்வியால் நிலைமை மோசமாகிவிட்டது. கடைசி ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். கிளப் தலைவர் குருவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். குரு அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. எவரிஸ்டோவை எப்போதும் நிற்கிற இடத்திலேயே நிறுத்தினார்.

ஆட்டம் ஓடியது. பந்து வந்தது, ஒரு தட்டு, போனது. ஜசிந்தோ எல்லார் பேரையும் சொன்னார். இவன் பேரைத் தவிர.

முடிகிற நேரத்தில் ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அதுவரை இரு பக்கமும் கோல் இல்லை. முன்வரிசை ஆட்டக்காரன் நேலியோ பந்தைத் தூக்கிக்கொண்டு நேராக எவரிஸ்டோவிடம் வந்தான். விஷயம் அணி முழுவதற்கும் தெரிந்திருந்தது.

"இந்தா கிழவா, நீ அடி. அம்மா கேட்கட்டும்."

எவரிஸ்டோ பந்தைக் கையில் வாங்கினான். குரு இருக்கிற பக்கம் பார்த்தான். குரு தலையையும் ஆட்டவில்லை, கையையும் காட்டவில்லை.

அவன் பந்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"நீயே அடி."

"பைத்தியமா உனக்கு? இதை விட்டால் இனிமேல் எப்போது?"

"அடிடா, நேரமாகிறது."

நேலியோ அடித்தான். கோல். ஜசிந்தோ நேலியோவின் பேரை இழுத்த இழுப்பில், கப்பல் சங்கு ஊதிவிட்டது என்று நினைத்துத் துறைமுகத்தில் ஒரு படகு கிளம்பிவிட்டது.

ஜெயித்துவிட்டார்கள். ஊரே நேலியோவைத் தூக்கிக்கொண்டு போனது. உடை மாற்றும் அறையில் எவரிஸ்டோ மட்டும் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். குரு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் அடிக்கவில்லை?"

"அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள், மிஸ்டர்."

"அதற்காகத்தானே உன்னை அடிக்கச் சொன்னார்கள்?"

"என் பேர் வந்தால் பயந்துவிடுவாள். என்னை வெளியே எடுத்துவிட்டார்கள் என்று நினைப்பாள்."

குரு அவனுடைய இன்னொரு பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். எவரிஸ்டோ பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டான். குரு விடவில்லை.

"மிஸ்டர்."

"ம்."

"போன ஞாயிறு நான் இல்லாவிட்டால் தோற்போம் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிந்திருந்தால் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேனே," என்றார் குரு. "எங்கே ஜெயித்துத் தொலைத்துவிடுவோமோ என்று, நாலாவது கோல் விழும்வரை பயந்து செத்துக்கொண்டிருந்தேன்."