பன்னிரண்டு பக்கக் கடிதம்

"எழுத்து எனக்கு வரவே மாட்டேங்குதும்மா. நீங்கதான் கத்துக்கொடுக்கணும்" என்றார் தணிகாசலம்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் பரிதாவுக்கு முப்பத்திரண்டு வயது. தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. சிஷ்யர்தான் மூத்தவர். என்ன செய்வது, சில இடத்தில் அப்படித்தான்.

"யாருக்கு எழுதணும்?"

"செய்யாறுல இருக்கிற எங்க அக்காவுக்கு. பையன் கல்யாணத்துக்கு நேர்ல போய் பத்திரிகை வைக்காம போன்லயே கூப்பிட்டுட்டேன். அக்கா வரல. எட்டு மாசமா பேச்சில்ல. அவளுக்கு எழுபது வயசு. எனக்குப் பயமா இருக்கும்மா."

தான் எழுதி வைத்திருந்த பன்னிரண்டு பக்கக் கடிதத்தை நீட்டினார். பரிதா வாங்கவே இல்லை.

"தினம் காலையில இதைப் புதுசா ஒரு தடவை எழுதுங்க ஐயா. ஜெராக்ஸ் கூடாது. எழுதினதும் உங்களுக்கு நீங்களே சத்தமா படிச்சுக்கங்க."

"நீங்க திருத்த மாட்டீங்களா?"

"அக்கா உங்களுக்கா, எனக்கா?"

மூன்றாம் நாள் வந்தார், திருட்டு முழியோடு.

"முழங்கால் வலியைப் பத்தி ரெண்டு பக்கம் இருந்துச்சு. கை கடுக்குதுன்னு விட்டுட்டேன்."

"சரி."

"திட்ட மாட்டீங்களா?"

"போய் எழுதுங்க ஐயா."

ஆறாம் நாள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பத்திரிகை அச்சாகி வர லேட்டான கதையும் போச்சு. சத்தமா படிச்சா எனக்கே சிரிப்பு வருது. அச்சகம் என்ன அமெரிக்காவுலயா இருக்கு? பக்கத்துத் தெரு!"

"ம்."

"அக்கா புருஷன், எங்க மாமா, அவங்க வீட்டுக் கல்யாணத்துல எனக்கு மரியாதை பண்ணலைன்னு ஒரு பக்கம். படிக்கறப்போ வெட்கமா போச்சு. கிழிச்சுட்டேன்."

பத்தாம் நாள் கையில் ஒரே தாள். பரிதா முதல்முறையாகக் கை நீட்டி வாங்கினார்.

'அக்கா, நேர்ல வந்து கூப்பிட்டிருக்கணும். சோம்பல்பட்டேன். தப்பு என்னோடது. நீ இல்லாம கல்யாணம் நல்லாவே இல்ல.'

பரிதா இரண்டு தடவை படித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல ஒரு எழுத்தை மாத்தினாலும் பாவம். இந்தாங்க கவர். தபால்பெட்டி எதிர்லயே இருக்கு."

தணிகாசலம் தாளை வாங்கி வழக்கம்போல் சத்தமாகப் படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"ஐயய்யோ! இதைப் போய் தபால்ல போடறதா?"

"பின்னே?"

பதில் சொல்ல ஆள் இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செய்யாறு பஸ்ஸின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.