யார் முதலில் இறங்குவது?

அன்று மருதங்குளத்துக் கரையில் கூடியிருந்தவை: காட்டெருமைகள் இரண்டு, குரங்கு ஒன்று, கீரி ஒன்று, புள்ளிமான்கள் பதினான்கு, முயல்கள் ஆறு, மயில்கள் மூன்று, காட்டுப்பன்றிகள் ஐந்து, காகங்கள் ஒன்பது. ஆக நாற்பத்தொன்று.

கரையில் இல்லாமல், வற்றிக் கிடந்த குளத்தின் நடுவில் ஓர் ஆள்காட்டிக் குருவி உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் மஞ்சள்காலி. அவளையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு. அவள் வயிற்றுக்கு அடியில் நான்கு முட்டைகள் இருந்தன. அவற்றை யாரும் எண்ணவில்லை. யார் கண்ணிலும் அவை படவில்லை.

காட்டெருமைகளில் பெரியவன் திமிலன். ஏழு கோடையாகக் 'காட்டு மல்லன்' என்ற பட்டம் அவனிடம் இருந்தது. மற்றவன் செங்கொம்பன். அந்தப் பட்டத்தைப் பறிக்க மேற்கு மலையிலிருந்து வந்தவன். திமிலனுக்காகப் பேசக் குரங்கு வந்திருந்தது. செங்கொம்பனுக்காகப் பேசக் கீரி வந்திருந்தது. பரிசாகக் காட்டு விலங்குகள் முப்பது பலாப்பழங்களைக் கரையில் குவித்திருந்தன.

"களம் எது?" என்று கீரி கேட்டது.

"இதோ, இந்தக் குளம்தான்! நல்ல கெட்டித் தரை. சுற்றிலும் கரை. எல்லோருக்கும் தெரியும்!" என்றது குரங்கு.

மஞ்சள்காலி முட்டைகளை இன்னும் நெருக்கி மூடிக்கொண்டாள். முட்டையிட்டு ஏழு நாள் ஆகியிருந்தது. குஞ்சு பொரிய இருபத்தெட்டு நாள் வேண்டும். இன்னும் இருபத்தொரு நாள். அவள் துணையை முட்டையிட்ட மறுநாளே பருந்து தூக்கிப் போய்விட்டது. முட்டைகளை நகர்த்த அவளால் முடியாது. ஆள் வந்தால் கத்துவதுதான் ஆள்காட்டியின் பிறவிக் குணம். ஆனால் கத்தினால் ஒன்பது காகங்களும் என்ன, ஏது என்று பார்க்க இறங்கிவிடும். அதனால் அலகை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூன்றாம் நாள் மோதல்!" என்றது குரங்கு.

"சரி. மயில் அறிவிக்கும்போது எங்கள் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்" என்றது கீரி.

"ஏன்யா, பட்டம் யாரிடம் இருக்கிறது? எங்கள் பெயர்தான் முதலில்!"

"பட்டம் கிழடாகிவிட்டது! கூட்டம் எங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறது!"

"என் திமிலன் மூச்சு விட்டாலே உன் ஆள் மேற்கு மலைக்குப் பறந்து போவான்!"

"அப்படியானால் மோதுவானேன்? மூச்சு விடச் சொல்லேன், பார்ப்போம்!"

மூன்றாம் நாள் மோதல் நடக்கவில்லை. இரண்டு பெயரையும் இரண்டு மயில்கள் ஒரே நேரத்தில் கூவுவது என்று முடிவாக நான்கு நாள் ஆயிற்று. வெல்பவனுக்குப் பலா பதினாறா, பதினேழா என்பதில் மேலும் மூன்று நாள் போயிற்று. தோற்றவன் கேட்டால் மறுபடியும் மோத வேண்டுமா என்பதில் இரண்டு நாள். ஒவ்வொரு நாளும் பேச்சு முடிந்ததும், "தொண்டை வறண்டுவிட்டது" என்று குரங்கும் கீரியும் குவியலில் கைவைத்தன. சிந்திய சுளைகளைக் காகங்கள் பொறுக்கித் தின்றன.

மஞ்சள்காலி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சண்டைக்கும் மனதுக்குள் ஒரு நன்றி சொன்னாள். 'பெயருக்குச் சண்டை போட்டீர்களே, நன்றி. பழத்துக்குச் சண்டை போட்டீர்களே, நன்றி.'

பத்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. குரங்கும் கீரியும் கட்டிப் பிடித்துக்கொண்டன.

"நாளைக் காலை மோதல்! இதில் மாற்றமே கிடையாது!" என்று குரங்கு கூவியது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

முட்டைகளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மஞ்சள்காலி யார் பேச்சிலும் குறுக்கே பேசியவள் அல்ல. இருந்தாலும் கழுத்தை நீட்டி மெல்லக் கேட்டாள்: "ஐயா, ஒரு சின்னச் சந்தேகம்."

"யாரது பள்ளத்தில்? அட, ஆள்காட்டியா! என்னம்மா?"

"களத்தில் யார் முதலில் இறங்குவது?"

அதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.

"உன் ஆள்தான் இறங்க வேண்டும். சவால் விட்டவன் அவன்" என்றது குரங்கு.

"உன் ஆள் இறங்கட்டும். சொந்தக் குளம்தானே?" என்றது கீரி.

அதுவரை வாயைத் திறக்காத திமிலன் உறுமினான். "இறங்குவதா? நானா? நாளைக்கு இந்தக் காடு என்ன சொல்லும்? திமிலன் இறங்கி வந்துவிட்டான் என்று சொல்லும்! நான் யாருக்கும் இறங்கி வந்தவன் இல்லை!"

"நான் மட்டும் இறங்கிப் போகிறவனா?" என்று செங்கொம்பன் தரையை உதைத்தான். "மேற்கு மலையில் போய்க் கேட்டுப் பாருங்கள்!"

ஒரு சொல். அதற்குள் இரண்டு பொருள். அதில் இரண்டு எருமைகளும் மாட்டிக்கொண்டன. பதினொன்றாம் நாள் கிழக்குக் கரையில் திமிலன் நின்றான். மேற்குக் கரையில் செங்கொம்பன் நின்றான். இருவரும் இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாளும் இறங்கவில்லை. மான்கள் புல் தேடிப் போய்விட்டன. முயல்கள் போயின. பன்றிகள் திட்டிக்கொண்டே போயின. மூன்று மயில்களும் கூவிக் கூவித் தொண்டை கட்டிப் பறந்தன. இருபதாம் நாள் கடைசிப் பலாவும் தீர்ந்தது. "அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கீரி ஒரு பக்கமும் குரங்கு ஒரு பக்கமும் நழுவின. பழம் இல்லாத இடத்தில் காகங்களுக்கு என்ன வேலை? ஒன்பதும் போய்விட்டன. மஞ்சள்காலி இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

இருபத்தொன்றாம் நாள் விடியற்காலையில் இரண்டு எருமைகளும் தனியாக வந்தன.

"டேய் செங்கொம்பா! இடையில் பேசுகிறவர்கள் இருந்ததால்தான் இவ்வளவு தகராறு. ஒரே நேரத்தில் இறங்குவோமா?"

"இறங்குவோம்! மூன்று எண்ணு!"

"ஒன்று! இரண்டு! மூன்று!"

இரண்டு மலைகள் உருண்டு வருவது போல் இருபுறமும் சரிவில் இறங்கி ஓடி வந்தன. தரை அதிர்ந்தது. இன்னும் ஒரே ஒரு நாள்! மஞ்சள்காலி எழுந்து சிறகை விரித்து நின்றாள். இருபத்தொரு நாள் அடக்கி வைத்த குரல் ஒரே கத்தலாக வெளியே வந்தது.

திமிலன் திடுக்கிட்டு நின்றான். அவனுடைய முன்னங்கால் அந்தரத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே நான்கு முட்டைகள். ஒன்றின் உள்ளேயிருந்து 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டது.

செங்கொம்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்துகொண்டிருந்தான். "என்ன நின்றுவிட்டாய்? பயமா?" என்று கேட்டான்.

ஏழு கோடையில் யாரும் திமிலனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவன் மஞ்சள்காலியைப் பார்த்தான். அவள் உயரம் அவன் குளம்பைத் தாண்டவில்லை. அந்த உயரத்தோடு அவனை மறித்துக்கொண்டு நின்றாள். அவன் காலை மெதுவாகப் பின்னால் வைத்தான்.

"ஆமாம், பயம்தான்" என்றான். "மிதித்துவிடுவேனோ என்று பயம். நீயே வந்து பார் தம்பி."

செங்கொம்பன் அருகில் வந்து பார்த்தான். கொம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான். "அடடா... இத்தனை நாளும் இங்கேயா இருந்தாய் தாயி? சொல்லியிருக்கக் கூடாதா?"

"காகங்கள் ஒன்பது இருந்தன ஐயா" என்றாள் மஞ்சள்காலி. "அதோடு, நீங்கள் இருவரும் தினமும் இறங்க மாட்டேன் என்று சொல்லி எனக்கு நாள் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். பத்து நாள் கொடுத்தீர்கள். அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும். இன்னும் ஒரு நாள் கொடுத்தால் போதும்."

திமிலன் சிரித்துவிட்டான். "வீம்புக்கு நின்றதற்கு நன்றியா! அதை எங்கே போய் வைத்துக்கொள்வது? இன்றைக்கு நிற்கிறோம், அதற்குச் சொல்லு."

அன்று முழுவதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவளுக்கு நிழல் கொடுத்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் நான்கு முட்டைகளும் பொரிந்தன. ஈரம் காய்ந்ததும் குஞ்சுகள் தாயின் பின்னால் தட்டுத் தடுமாறிக் கரை ஏறின. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. குளம் நிறைந்தது. களம் தண்ணீருக்கு அடியில் போயிற்று. மோதல் என்ற பேச்சும் அதோடு போயிற்று.

நான்காம் நாள் தண்ணீர் குடிக்கத் திமிலனும் செங்கொம்பனும் சேர்ந்து வந்தார்கள். ஒரே துறையில் இறங்கினார்கள். யார் முதலில் இறங்கினார் என்று மஞ்சள்காலி ஒருத்திதான் பார்த்தாள். அவள் அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

விட்டுக்கொடுத்தவர் யாரும் சிறுத்துப்போவதில்லை. அவர் காலைப் பின்னால் வைத்த இடத்தில் இன்னோர் உயிர் வாழும். அன்று அப்படி வாழ்ந்து மிஞ்சியவை, தாயையும் சேர்த்து, சரியாக ஐந்து.