மடைக்காரனின் கொண்டை

பறவையும் மீனும் மனிதனும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்ட காலத்தில், மலையடிவாரத்தில் ஓர் ஏரி இருந்தது. ஏரி என்று சொல்வது நம் வசதிக்காக. இக்கரையில் நின்றால் அக்கரை தெரியாது. மேகங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து அதில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். குடித்த சுவடே இருக்காது. கரைக்குக் கீழே வயல்களும் வளைகளும் வீடுகளும் இருந்தன. கரை நின்றால் அவை எல்லாம் உண்டு. உடைந்தால் ஒன்றும் இல்லை. அதனால் ஏரியைப் பார்த்துக்கொள்ள உயிர்களெல்லாம் சேர்ந்து ஒரு சபை வைத்திருந்தன. நாரை அதற்குத் தலைவர்.

நாரை தலைவரானதற்கு அதன் தோற்றமே காரணம். வெள்ளை இறகுகளில் ஒன்றுகூடக் கலைந்திருக்காது. அது ஒற்றைக்காலில் நின்றாலே ஏதோ தீர்ப்புச் சொல்லப் போகிறது என்று எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பல நாள் அது சும்மாதான் நின்றது.

ஏரியின் ஆழத்தில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே மடை இருந்தது. மேலே ஒரு சிறு துவாரம், கீழே ஒரு பெரிய துவாரம். இரண்டையும் கற்கள் அடைத்திருந்தன. தண்ணீர் ஏறும்போது யாராவது முங்கிப் போய்க் கல்லைப் பெயர்த்தால்தான் நீர் வெளியேறும். நெடுங்காலம் நீர்நாய்தான் அந்த வேலையைச் செய்தது. அதன் பல் தேய்ந்தது, கல் தேயவில்லை. கையுள்ள ஒருவன் வேண்டும் என்று சபை சொல்லியனுப்பியது.

வந்தவன் சேந்தன். கரைக்குக் கீழேதான் வீடு. மனைவி வெண்ணி, தொட்டிலில் ஒரு பெண் குழந்தை. அவன் முங்கினால், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அழத் தொடங்கிய பிறகுதான் எழுவான். முடி மட்டும் முழங்கால்வரை, கறுகறுவென்று, அவிழ்ந்தே கிடந்தது. காற்றடித்தால் அவனுக்கு முன்னால் அது ஊருக்குள் போய்ச் சேரும்.

நாரை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"என்னப்பா இது? தலையா, பாசிப் புதரா?"

"தலைதாங்க ஐயா."

"வேலைக்கு வர்றவன் வேலைக்கு வந்தவன் மாதிரி இருக்க வேணாமா?"

"முங்குறது கையும் நெஞ்சும்தானுங்களே."

"எதுக்கு இவ்வளவு வளத்திருக்கே? நேர்த்திக்கடனா?"

"இல்லைங்க."

"ஒங்க குலத்து வழக்கமோ?"

"இல்லைங்க. எனக்குப் பிடிச்சிருக்கு."

சபையில் அதுவரை எவரும் சொல்லாத காரணம் அது. கடைசி வரிசையில் இருந்த மயில் மட்டும், "சரியாத்தானே சொல்றான்" என்று முனகியது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் தோகையைச் சுருட்டிக்கொண்டது.

"ஒரு தடவை முங்கிக் காட்டட்டும் தலைவரே" என்று நீர்நாய்தான் கெஞ்சிக் கேட்டது. அதன் பல் அதற்கல்லவா தெரியும்.

சேந்தன் முங்கினான். மேல்மடைக் கல்லை ஒரே இழுப்பில் பெயர்த்தான். திறந்த துவாரத்துக்குள் தண்ணீர் பாய்ந்தது. தண்ணீருக்கு முன்னால் அவன் முடி பாய்ந்தது. தலை கல்லில் போய் மோதியது. இழுக்க இழுக்க ஏரி முழுவதும் அவன் தலைமுடியைப் பிடித்துத் தொங்கியது. நீர்நாய் பின்னாலேயே போய், மிச்சமிருந்த பல்லால் ஒரு கொத்து முடியைக் கடித்து அறுத்து அவனை மேலே தள்ளியிராவிட்டால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

கரையில் கிடந்து இருமியவனைப் பார்த்து நீர்நாய் மூச்சிரைத்தது. "நீ நல்லா முங்குறே தம்பி. ஒன் முடி ஒன்னைவிட நல்லா முங்குது."

நாரைக்கு அது போதும். "நண்டைக் கூப்பிடு" என்றது. ஏரிக்கரை நாவிதர் நண்டுதான். இரண்டு கொடுக்கையும் தட்டிக்கொண்டு வந்து நின்றது. "மொட்டை அடிச்சா வேலை. இல்லைன்னா நடையைக் கட்டு" என்றது நாரை.

சேந்தன் நடையைக் கட்டினான்.

வீட்டில் வெண்ணி அவன் தலையைத் துவட்டினாள். ஒரு பக்கம் கடிபட்டுக் குட்டையாக நின்றது.

"வெட்டினா திரும்ப வளராதா?" என்று கேட்டாள்.

"வளரும். ஆனா வெட்டச் சொன்னவர் அப்படியேதானே இருப்பார்."

"தலைவர் தலையைவிட ஒன் தலை கனம்" என்றாள் வெண்ணி. ஆனாலும் துவட்டுவதை நிறுத்தவில்லை.

பிறகு மழை வந்தது. மலை தெரியவில்லை, வானம் தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீராகத் தொங்கியது. ஏரி ஏறி ஏறிக் கரையின் விளிம்பைத் தொட்டது. திறந்திருந்த மேல்மடை அந்த வெள்ளத்துக்குப் போதவில்லை. எருமைகள் மண் சுமந்தன, எலிகள் வளைகளை அடைத்தன, பெண்கள் கூடையும் கையுமாய்க் கரையில் ஓடினார்கள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வெண்ணியும் ஓடினாள். காலடியில் கரை நடுங்குவதை எல்லோரும் உணர்ந்தார்கள். கீழ்மடைக் கல்லைப் பெயர்த்தாக வேண்டும். நீர்நாய் முங்கிப் பார்த்துவிட்டு ரத்தம் கசிந்த வாயோடு மேலே வந்தது.

சேந்தன் கரைமேல் ஏறி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. நண்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்து கழுத்தைத் தாழ்த்தினான்.

மழையில் நாரையின் இறகுகள் ஒட்டிப்போயிருந்தன. வெண்ணி கூடையை இறக்கிவிட்டு நின்றாள். நண்டு கொடுக்கை விரித்தது.

குனிந்த தலையோடு சேந்தன் ஏரியைப் பார்த்தான். மேல்மடைக்கு நேர் மேலே தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. அந்தச் சுழலை அவன் எத்தனையோ முறை கண்டிருக்கிறான். இன்றுதான் பார்த்தான். அக்கரை தெரியாத அத்தனை தண்ணீரும், கரையை உடைக்கத் துடிக்கிற அத்தனை தண்ணீரும், அந்த ஒரு துவாரத்துக்கு வரும்போது மட்டும் தன்னை முறுக்கிக்கொண்டது. முறுக்கி, வட்டமாகச் சுருண்டு, தன்னைத் தானே பற்றிக்கொண்டு இறங்கியது. அதில் ஒரு துளி வெளியே தெறிக்கவில்லை. தன்னில் ஒரு சொட்டையும் ஏரி வெட்டியெறியவில்லை. இவ்வளவு பெரியது இவ்வளவு சிறிய வழியில் இப்படித்தான் போகிறதா என்று அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மழை, கூச்சல், கழுத்தருகே விரிந்திருந்த கொடுக்கு, எல்லாம் மறந்துபோயின.

"நண்டண்ணே, கொஞ்சம் பொறு."

"பொறுக்க நேரமில்லைடா!" என்று நாரை கத்தியது. அது கத்தி அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

சேந்தன் இரண்டு கையாலும் முடியை அள்ளினான். சுழல் சுழன்ற பக்கமாகவே முறுக்கினான். முறுக்கியதைப் பிடரிக்கு மேலே வட்டமாகச் சுற்றினான். கடிபட்ட குட்டை முடி மட்டும் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் சுற்றுக்குள் செருகி, நுனியை அடியில் நுழைத்து இறுக்கினான். தலைக்குப் பின்னால் கறுத்த உருண்டை ஒன்று உட்கார்ந்தது. எழுந்தான், ஒருமுறை தலையை உதறிப் பார்த்தான், குதித்தான்.

கீழே இருட்டு. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் இறங்கினான். ஏரி அவனைத் துழாவியது. மிதந்து வந்த பாசியை உருவி எடுத்தது. வேரை, சருகை, இடுப்புத் துணியின் ஓரத்தை, தளர்ந்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்தது. பிறகு அவன் தலைக்கு வந்தது. கொண்டையைச் சுற்றிச் சுற்றித் தடவியது. பிடிக்க ஒரு நுனி கிடைக்கவில்லை. தன்னைப் போலவே சுருண்டிருந்த ஒன்றைத் தொட்டுப் பார்ப்பது போல, கணநேரம் தண்ணீர் தயங்கியது என்று சேந்தன் பின்னால் வெண்ணியிடம் சொன்னான். அவன் கைகள் கல்லுக்கு அடியில் நுழைந்தன. கல் அசைந்தது.

கரையில் அழத் தொடங்கியிருந்தார்கள். வெண்ணி அழவில்லை, சுழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திடீரென்று அகன்றது. பக்கத்தில் இன்னொன்று பிறந்தது, பிறகு இரண்டும் ஒன்றாகி ஏரியின் நடுவே ஒரு கிணறுபோலத் திறந்தது. கரைக்கு அந்தப் பக்கம், வாய்க்காலில் வெள்ளம் உறுமிக்கொண்டு வெளிவந்தது. அந்தச் சத்தத்தில் எருமைகள் மண்டியிட்டன. மலையே எழுந்து நடந்து போவதுபோல இருந்தது என்பார்கள். காலடியில் நடுக்கம் நின்றது.

சேந்தன் எங்கோ ஓர் ஓரத்தில், தூணில் சிராய்த்த மார்போடு எழுந்தான். கொண்டை அப்படியே இருந்தது. வெண்ணி ஓடிப் போய் அவனை இழுத்துக் கரையில் போட்டாள். குழந்தை அந்த உருண்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

சபை அவனைச் சுற்றி நின்றது. நாரை நனைந்த இறகோடு, இரண்டு காலையும் ஊன்றி நின்றது.

"இப்படி ஒண்ணு செய்யலாம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா."

"எனக்கும் இப்பத்தாங்க தெரியும். நீங்க வெட்டுன்னீங்க, நான் மாட்டேன்னேன். கட்டலாம்னு நம்ம ரெண்டு பேருக்குமே தோணலை."

நாரை ஒட்டிய இறகை அலகால் கோதிக்கொண்டது. கடைசியில், "வேலை நேரத்துல அது அங்கேயே இருக்கட்டும்" என்றது. அதற்கு மேல் தலைவர்கள் இறங்கிவருவதில்லை. நண்டு கொடுக்கை மடக்கிக்கொண்டு சேற்றுக்குள் போனது.

மழை விட்டது. மடையைச் சரிபார்த்துவிட்டு, இனி வேலையில்லை என்று ஆனதும், சேந்தன் கரைமேல் நின்று முடிச்சை உருவினான். முடி தோளில் விழுந்து, முதுகில் விழுந்து, முழங்காலைத் தொட்டது. காற்று அதைத் தூக்கியது. மயில் வெட்கத்தை விட்டுத் தோகையை விரித்தது.

நீண்ட முடி வைத்த ஆண்கள் வேலைக்குக் கிளம்புமுன் அதை அள்ளி முறுக்கிப் பிடரியில் கொண்டையாக முடிந்துகொள்வதும், வேலை முடிந்து வாசல் தாண்டியதும் அவிழ்த்து உதறுவதும் அந்த மழைநாளிலிருந்து வந்த பழக்கம்தான்.