மயிலுக்குத் தைத்த மணிப்போர்வை

தாமரைக்குளத்தை ஒட்டிய காட்டில் செம்பி என்றொரு தையல்சிட்டு இருந்தாள். அலகுதான் அவளுக்கு ஊசி. இலவம்பஞ்சைத் திரித்தால் நூல். அத்தி இலையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து அவள் ஓட்டுத்தையல் போட்டால், அடைமழையிலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது.

அணிலுக்குக் குளிர்தாங்க ஒரு குல்லாய் தைத்துக் கொடுத்தாள். முயலின் வளைவாசலுக்கு மணித்திரை கோத்துக் கொடுத்தாள். “அடடா, செம்பி தைத்ததா!” என்று யாராவது சொன்னால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அதே காட்டில் கோமளா என்ற பெண்மயில் அடைகாத்துக்கொண்டிருந்தாள். புதருக்கடியில், தரையிலேயே ஒரு குழி. அதில் நான்கு முட்டைகள். அது மழைக்காலம். எதிர்மேட்டில் ஆண்மயில்கள் தோகை விரித்து ஆடும். காடே கூடி நின்று பார்க்கும். கோமளாவின் பக்கம் யாரும் திரும்புவதில்லை.

ஒருநாள் அந்தப் பக்கமாகப் புழு தேடி வந்த செம்பியை அவள் கூப்பிட்டாள்.

“செம்பி, எனக்கு ஒன்று தைத்துத் தருவாயா?”

“என்ன வேண்டும், அக்கா?”

“தோகை மாதிரி மின்னுகிற போர்வை! என்னைப் பார். மண் நிறம், சருகு நிறம். நான் இங்கே இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. நேற்று ஒரு மான் என்னை மிதிக்கப் பார்த்தது!”

செம்பிக்கு ஏதோ உறுத்தியது. “நீ அடைகாக்கிற நேரமாயிற்றே, அக்கா...” என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் அந்தப் போர்வை அவள் மனக்கண்ணில் வந்து நின்றுவிட்டது. இந்தக் காட்டில் இதுவரை யாரும் தைக்காத போர்வை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள்.

“தைத்துவிடலாம், அக்கா!”

பனைமரத்தடியில் வலைத்துணி போல உதிர்ந்து கிடந்த பன்னாடையை இழுத்து வந்தாள். குன்றிமணிகள் பச்சையாக இருக்கும்போதே கருவேல முள்ளால் துளையிட்டுக் காயவைத்தாள். செத்த பொன்வண்டுகளின் இறக்கைகளைத் தேடித் தேடிப் பொறுக்கினாள். நடுவில் பச்சையும் நீலமுமாகக் கண் கண்ணாகப் பொன்வண்டு இறக்கை, சுற்றிலும் சிவப்புக் குன்றிமணி, எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளச் சங்கிலித்தையல்.

கோமளாவின் முதுகில் போர்த்தி, கழுத்திலும் இறக்கைக்கு அடியிலும் அதே நூலை ஓட்டி இறுக்கினாள்.

“கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே, செம்பி?”

“அப்படித்தான் இருக்க வேண்டும். என் தையல் எந்தக் காற்றுக்கும் கழன்று விழாது!”

வெயில் பட்டதும் போர்வை தகதகவென்று மின்னியது. கோமளா குளத்துநீரில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

மேட்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் புதரைத் தேடி வந்தது. “கோமளாவா இது!” என்று மான் வியந்தது. “செம்பி, நீ பெரிய ஆள்!” என்று அணில் கத்தியது. செம்பி கிளையில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்தது. கோமளா முட்டைகள்மேல் வந்து உட்கார்ந்தாள். புதருக்குள் ஒரு கீற்று வெயில் விழுந்தது. போர்வை பளிச்சிட்டது.

குளத்தின் அக்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நரி தலையைத் தூக்கியது.

“அங்கே என்ன மின்னுகிறது? தினமும் அந்தப் புதரைத் தாண்டித்தான் போகிறேன். ஒன்றையும் பார்த்ததில்லையே!”

சத்தமில்லாமல் கரையைச் சுற்றி வந்து பாய்ந்தது.

கோமளா எழும்பினாள். இறக்கை விரியவில்லை. போர்வையின் ஓரம் நரியின் வாயில் சிக்கியது. அது இழுக்க இழுக்கக் கழுத்து நூல் இறுகியது.

“செம்பி! மூச்சு முட்டுகிறது!”

செம்பி கிளையிலிருந்து அம்பாகப் பாய்ந்தாள். கழுத்து நூலைக் கொத்தினாள். அறவில்லை, முறுக்கேற்றி முறுக்கேற்றி அவளே திரித்த நூல் அது. சங்கிலித்தையலில் கடைசி முடிச்சு போனால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். அந்த முடிச்சு இருந்தது வால்பக்கம், நரியின் பல்லுக்கு அருகே. செம்பி அங்கே போய் உட்கார்ந்தாள். நரியின் சூடான மூச்சு முகத்தில் அடித்தது. முடிச்சைக் கடித்து அறுத்து, நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பறந்தாள்.

தையல் சரசரவென்று பிரிந்தது. மணிகள் சிதறின. போர்வை கழன்று நரியின் முகத்தை மூடியது. கோமளா திரும்பிக் கால்நகத்தால் ஓங்கி அடித்தாள். நரி ஊளையிட்டுக்கொண்டு ஓடிற்று.

ஆனால் அந்தக் களேபரத்தில் ஒரு முட்டை நொறுங்கிப் போயிருந்தது.

கோமளா ஓடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “உன்மேல் தப்பில்லை. நான்தானே கேட்டேன்.”

“நீ ஆசைப்பட்டுக் கேட்டாய், அக்கா. ஆபத்து என்று எனக்கு அப்போதே தோன்றியது. சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அப்புறம் நான் எதைத் தைப்பது?”

கோமளா உடைந்த ஓடுகளைக் குழியிலிருந்து ஒதுக்கித் தள்ளினாள். பிறகு, மிச்சமிருந்த மூன்று முட்டைகள்மேல் போய் உட்கார்ந்தாள்.

செம்பி மறுபடி நூல் திரித்தாள். இந்தத் தடவை காய்ந்த தேக்கிலையும் சருகும்தான் துணி. நரிக்கு மூக்கு கூர்மை என்பதால் நடுநடுவே வெட்டிவேரைச் செருகித் தைத்தாள். கழுத்துக்கு எந்தக் கட்டும் இல்லை. ஒரு அசைப்பில் உதறிவிட்டுப் பறக்கலாம்.

“போட்டுப் பார், அக்கா. உனக்கு எங்கே உறுத்துகிறது என்று சொல். பிரித்துத் தைக்கிறேன்.”

“இடது தோளில் கொஞ்சம் தளர்த்து.”

செம்பி தளர்த்தினாள்.

நரி திரும்பவும் வந்தது. புதரைச் சுற்றி முகர்ந்தது. வேர்வாசம்தான் வந்தது. கோமளாவின் அலகுக்கு எதிரே நின்று, சருகுக்குவியலைப் பார்த்துவிட்டு நடந்துவிட்டது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மூன்று குஞ்சுகள் ஓடு உடைத்து வெளியே வந்தன. கோமளா முதலில் செம்பியைத்தான் கூப்பிட்டுக் காட்டினாள்.

பிறருக்காக ஒன்றைச் செய்கிறவர், அது எவ்வளவு பாராட்டைப் பெற்றுத் தரும் என்று பார்ப்பதற்கு முன், அதை அணிகிறவருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.