ஒரே இடத்தைப் பார்த்தவர்

அந்த ஆய்வகத்தில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தொன்று. ஆகவே குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். யார் யாரிடம் படிக்கிறார் என்பது புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபட ஒரு வாரமாவது ஆகும்.

குரு உமையாள், காரைக்குடிப் பக்கம். மலைமேல் அந்த ஆய்வகத்தில் இருந்த ரேடியோ தொலைநோக்கியோடு பல வருடப் பழக்கம். சீடர் அருமைநாயகம், நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் மூன்று வருட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தார். "இந்த வயசுல இவருக்கு என்ன வானம் வேண்டிக் கிடக்கு" என்று சிரித்தவர்கள் கல்லூரியில் உண்டு. சிரித்தவர்களின் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ரேடியோ தொலைநோக்கி என்றால் கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய் அல்ல. பெரிய இரும்புத் தட்டு. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்கித் திரையில் கோடுகளாகக் காட்டும். வெயிலும் மேகமும் அதற்குப் பொருட்டே இல்லை. அங்கே எல்லாரும் அதை டிஷ் என்றுதான் சொல்வார்கள்.

அருமைநாயகம் தேடி வந்தது ஒரு வெடிப்பை. இந்த நூற்றாண்டில்தான் விஞ்ஞானிகள் கவனித்த சங்கதி அது. வேறு ஏதோ ஒரு நட்சத்திர மண்டலத்திலிருந்து, நாம் இமைப்பதற்குள் நூறு தடவை வந்து போகலாம் என்கிற அளவுக்குச் சின்னதாக, ஒரு ரேடியோ வெடிப்பு வரும். அந்த நேரத்துக்குள், சூரியன் நாள்கணக்கில் கொட்டுகிற சக்தியைக் கொட்டிவிட்டு அடங்கிவிடும். பெரும்பாலானவை ஒரே தடவைதான் தென்பட்டிருக்கின்றன. சில மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. காந்தம் மிகுந்த செத்த நட்சத்திரங்களின் வேலையாக இருக்கலாம் என்கிறார்கள். முழுசாக யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததுதான் வாத்தியாரை மலைக்கு இழுத்து வந்தது.

வெளிநாட்டில் யாரோ ஒரு தடவை ஒரு வெடிப்பைப் பிடித்த இடம் ஒன்று வானத்தில் உண்டு. அது அங்கே மறுபடி வருமா என்று பார்ப்பதே அவர் ஆராய்ச்சி. மூன்று வருடம் அதே இடத்தையே பார்த்தார். வரவில்லை. விடுப்பு முடியப்போகிற கடைசி வாரங்களில் வந்தது. ஒரு தடவை அல்ல, தினமும் இரண்டு மூன்று தடவை.

மனிதர் சும்மா இருப்பாரா? மனைவியிடம் சொன்னார். பிறகு கல்லூரி முதல்வரிடமும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். முதல்வர் மறுநாளே பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டார். "புதிய வானியல் கண்டுபிடிப்புகள்: நம் பேராசிரியர் பேசுகிறார்" என்று வாசலில் பேனரும் ஏறிவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், உலகத்து வானியலாளர்களுக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பைத் தட்டி எடுத்துக்கொண்டு உமையாளின் அறைக்குள் வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சாச்சுன்னு எப்போ சொல்லலாம்?"

உமையாள் அறிவிப்பைப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். அலைகள்ல தாமதம் இருக்கா?"

இந்தத் தாமதம்தான் தூரத்து வெடிப்புக்கு அடையாளம். விண்வெளியில் எலக்ட்ரான்கள் சிதறிக் கிடக்கின்றன. சந்தைக் கூட்டத்தில் சின்னப் பிள்ளை நுழைந்து முதலில் வந்துவிட, பெரிய ஆள் இடிபட்டுப் பின்னால் வருவான் இல்லையா? அந்த மாதிரி குட்டை அலை முன்னால் வரும், நெட்டை அலை பின்னால் வரும். எவ்வளவு பிந்துகிறதோ, அதை வைத்துத் தூரத்தை ஊகிக்கலாம். ஒரே இடத்திலிருந்து வருவதென்றால் பிந்துகிற அளவு ஒவ்வொரு தடவையும் மாறாமல் இருக்கும்.

"இருக்கு மேடம். பழைய கணக்கோட கிட்டத்தட்டப் பொருந்துது."

"கிட்டத்தட்டவா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆனா இது அதுதான், பாத்துக்கிடுங்க."

"டிஷ்ஷை வேற பக்கம் திருப்பிப் பார்த்தீங்களா?"

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் மலைக்கு வந்த புதுசுலயே திருப்பிப் பார்த்தாச்சே. அப்போ ஒண்ணும் வரல்ல."

"அப்போ இந்தப் பக்கமும்தான் ஒண்ணும் வரலை."

அருமைநாயகம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்போ போயி வேற பக்கம் திருப்பினா, அந்த நேரம் பாத்து இது வந்துட்டா? தவறிப் போயிடும்லா?"

"போகட்டுமே."

"போகட்டுமாவா! மூணு வருஷம் காத்துக் கிடந்திருக்கேன் மேடம்."

உமையாள் சிரிக்கவில்லை. மேசை மேலிருந்த கடலை மிட்டாய் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எங்க பெரியப்பாவுக்கு ஒரு நாள் வீட்டுல சில்வண்டுச் சத்தம் கேட்க ஆரம்பிச்சுச்சு சார்."

அருமைநாயகத்துக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் குரு பேசும்போது எழுந்து போக முடியாது. ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டார்.

"எங்க வீடு ரொம்பப் பெரிசு. முகப்புல தேடினார், காணோம். உள்ளே வளவு முற்றத்துல தேடினார். அறை அறையாச் சாமானை வெளியே இழுத்துப் போட்டார். எந்த அறைக்குப் போனாலும் அங்கே சத்தம். மருந்து அடிச்சார். ஆளுங்களை வச்சுக் கூரை ஓட்டைப் பிரிச்சார். வீடு பூரா சில்வண்டுன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னார்."

"அப்புறம்?"

"ஒரு கல்யாணத்துக்கு மதுரைக்குப் போனார். மண்டபத்துலயும் சில்வண்டு."

வாத்தியார் தன்னை மறந்து சிரித்துவிட்டார். "காதுக்குள்ளல்லா கேட்டிருக்கு மனுசனுக்கு!"

"நீங்க உக்காந்த இடத்துலயே சொல்லிட்டீங்க. அவருக்கு மதுரை வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு."

சிரிப்பு அடங்கியது. மிட்டாய் வாய்க்குள்ளேயே நின்றது. தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது, கோபத்துக்குள் பயமும் இருந்தது.

"அப்போ இதை அனுப்பக்கூடாதுங்கீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே. உங்க பேரு, உங்க இஷ்டம்."

உமையாள் தம் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அருமைநாயகம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய் உட்கார்ந்தார். அனுப்பலாம்தான். அனுப்பினால் நாளைக்குக் கூட்டத்தில் தலை நிமிர்ந்து பேசலாம். சிரித்தவர்களெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு வேறு யாராவது சோதித்து இல்லை என்று சொன்னால், அது பிறகு. மனசு இப்படியெல்லாம் கணக்குப் போட்டது. ஆனால் அந்த "கிட்டத்தட்ட" மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. அதை அவர் முதல் நாளே கவனித்திருந்தார். கவனித்தும் கவனிக்காதது போல இருந்துவிட்டார்.

வரைபடத்தில் ஒரு வெறும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். எந்தப் பட்டியலிலும் ஒரு நட்சத்திர மண்டலம்கூடக் குறிக்கப்படாத இடம். அதன் எண்களைத் தட்டினார். வெளியே மோட்டார் முனகியது. மூன்று வருடம் ஒரே இடத்தைப் பின்தொடர்ந்த இரும்புத் தட்டு மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டது.

உமையாள் எப்போது வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார் என்று அவருக்குத் தெரியாது. காப்பி வந்தது, ஆறியது.

திரையில் ஒரு கோடு விழுந்தது. தாமதத்தைக் காட்டும் அதே சாய்வு. அதே உயரம்.

"வந்துட்டு மேடம்!" என்றார் பழக்கதோஷத்தில். ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் டிஷ் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

அந்தப் பக்கம் பார்த்தாலும் வருகிறது, இந்தப் பக்கம் பார்த்தாலும் வருகிறது என்றால், வருவது வானத்திலிருந்து அல்ல. இந்த மலையிலேயே, யார் வீட்டிலோ, யாரோ புதிதாக வாங்கிய ஏதோ ஒரு சாதனம். தாமதத்தைக்கூட அது தற்செயலாகக் கிட்டத்தட்டப் போலச் செய்திருக்கிறது. கோடானுகோடி மைல் என்று அவர் கொண்டாடியது கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது.

அருமைநாயகம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவமானமும் துக்கமும் சேர்ந்து வந்தன. உமையாள் காப்பியைச் சூடு பண்ணிக் கொண்டு வரச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து அருமைநாயகம் போனை எடுத்தார்.

"பிரின்சிபால் சார், அருமைநாயகம் பேசுதேன். நாளைக்குப் பேசுறதா சொன்னேன்லா, அந்த சிக்னல், அது வானத்துல இருந்து வரல்ல. ஆமா. இங்க பக்கத்துல இருந்துதான். இல்ல சார், சந்தேகம் இல்ல. நானே திருப்பிப் பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் முதல்வர் ஏதோ நீளமாகப் பேசினார்.

"பேனர் இருக்கட்டும். நான் வாறேன். எப்படித் தப்பாப் போச்சுன்னு பேசுதேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

போனை வைத்தார். தொண்டையில் இருந்த முள்ளைக் காணோம்.

இனி இந்தப் பிசாசு எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் நாட்களில் பழைய இடத்தையே பார்க்கலாம். நிஜமான வெடிப்பு வந்தாலும் வரும். அவர் விசைப்பலகையை இழுத்துப் பழைய எண்களைத் தட்டத் தொடங்கினார்.

"என்ன செய்யறீங்க சார்?" என்றார் உமையாள்.

"டிஷ்ஷைப் பழையபடி திருப்பிடுதேன் மேடம். இந்தப் பக்கம் எதுக்கு? இங்கதான் ஒண்ணுமே கிடையாதே."

"நீங்க இங்க பார்த்தீங்களா?"

அருமைநாயகத்தின் விரல்கள் நின்றன.