காரைக்குடிக்கு ஓர் அடிப்பிரதட்சணம்

பாதயாத்திரைன்னா நடந்து போறதுன்னு உலகமே நினைச்சுக்கிட்டிருக்கு. அது பெரிய தப்புடா கண்ணு. யாத்திரை கிளம்புற ஊருக்கு முதல்ல போய்ச் சேரணுமில்ல? அதுக்கு எல்லாரும் பஸ்ஸுலயும் ரயில்லயும்தான் போறாங்க. இதைப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்ல. அத்தை இன்னிக்குச் சொல்றேன். ம் கொட்டணும், சரியா?

ம்.

ரெண்டு ஊர்ல ஒரு ஆச்சி இருந்தாங்க. ஒருத்தங்க எப்படி ரெண்டு ஊர்ல இருப்பாங்கன்னு கேக்காதே. உடம்பு சென்னையில, மனசு காரைக்குடியில. பேரு உமையாள். அவங்க தம்பி நாச்சியப்பன் மாடிப்படியில உருண்டு விழுந்து ஆறு மாசம் படுக்கையில கிடந்தான். "முருகா, இவன் எழுந்து நடந்துட்டான்னா நான் பழனிக்கு நடந்து வர்றேன், வழியில ஒரு வண்டியும் ஏறமாட்டேன்"னு ஆச்சி வேண்டிக்கிட்டாங்க. அப்புறம் தம்பி நடந்துட்டான்.

ம்.

யாத்திரை கிளம்புறது காரைக்குடியில. மாலையை அங்கே வந்துதான் போட்டுக்கணும். போட்டுக்கிட்டா செருப்பு கிடையாது, மெத்தை கிடையாது, வண்டியும் கிடையாது. ஆச்சிக்கு அவசரம். வெள்ளிக்கிழமை நாள் நல்லாயிருக்கேன்னு சென்னையிலயே மாலையைப் போட்டுக்கிட்டாங்க. காரைக்குடி நானூறு கிலோமீட்டர். நாளை மறுநாள் விடியக்காலம் யாத்திரை.

அப்போ யாத்திரைத் தலைவர் லெட்சுமணன் அண்ணனுக்கு போன் போட்டாங்க. டுர்ர்... டுர்ர்...

"உங்களை யாரு ஆச்சி அங்கேயே போடச் சொன்னது?"

"நாள் நல்லாயிருந்துச்சுண்ணே. கழட்டிட்டு அங்கே வந்து போட்டுக்கட்டுமா?"

"கழட்டினா அடுத்த வருஷந்தான். காவடி அஞ்சு மணிக்குக் கிளம்பிரும், யாருக்காகவும் நிக்காது."

போகலைன்னா வேண்டுதல் பொய்யாயிடும். வண்டி ஏறினாலும் பொய்யாயிடும். பொய்யாச்சுன்னா தம்பி கால் என்னாகுமோன்னு ஆச்சிக்குப் பயம்.

அவங்க வீட்டுக்காரர் சாத்தப்பன் சொன்னார், "ஏரோப்ளேன்ல போயேன். அது ரோட்டையே தொடாது, அதைப் போய் வண்டின்னு எவன் சொல்லுவான்?"

"சக்கரம் இருக்குல்லங்க. அதோட இடுப்புல வாரைப் போட்டுக் கட்டிருவாங்க. ஒரு அடி எடுத்து வைக்க விடமாட்டாங்க."

ஏரோப்ளேன் விஷ்ஷுன்னு போயிடுச்சு. ஆச்சி ஏறலை.

ம்.

அப்புறம் பஸ் கம்பெனிக்குப் போனாங்க. அங்கே இருந்த ஆள், "மேல் படுக்கையா கீழ் படுக்கையாம்மா?"ன்னான்.

"நடந்துக்கிட்டே போற பஸ் இருக்கா தம்பி?"

அவன் ஆச்சி கழுத்து மாலையைப் பார்த்தான். "நடக்கணும்னா ரயில்ல போங்கம்மா. அதுலதான் நடக்க எடம் இருக்கு."

பஸ்ஸு பாம் பாம்னு போயிடுச்சு. ஆச்சி ஏறலை. ஆனா அவன் சொன்னது மனசுல ஒட்டிக்கிச்சு. ரயில் பாட்டுக்கு ஓடட்டும், நான் பாட்டுக்கு அதுக்குள்ள நடக்கறேன்.

மறுநாள் காலம்பர ரயில். ஆச்சி கடைசிப் பெட்டியில ஏறினாங்க. கோயில்ல அடிப்பிரதட்சணம் பண்ணுவோமில்ல, ஒரு பாதத்தோட நுனியில இன்னொரு பாதத்தோட குதிகாலை ஒட்டி வச்சு? அப்படியே எஞ்சினைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சாங்க. தடக் தடக். ஒரு அடி. தடக் தடக். இன்னொரு அடி. சன்னல்ல பனைமரமெல்லாம் பின்னாடி மிதந்து போச்சு. ஏரி போச்சு. ஏரிக்குள்ள மேகம் போச்சு. ஆச்சி முன்னாடி போனாங்க.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். "சீட்டு இருக்கே, ஏன்மா நடக்கறீங்க?"

"சீட்டு ரயிலுக்கு. நடை தம்பிக்கு."

அவர் ஒதுங்கி வழி விட்டார். வடை விக்கறவர் கூடையைத் தூக்கிப் பிடிச்சு வழி விட்டார். எல்லாரும் வழி விட்டதுல ஒரு கஷ்டம் வந்துச்சு. என்ன தெரியுமா?

ம்?

சீக்கிரமே ரயில் தீர்ந்துபோச்சு. பாதி தூரம் கூட வரலை, முதல் பெட்டி முடிஞ்சு சுவர் வந்துடுச்சு. அந்தப் பக்கம் எஞ்சின். ஆச்சி மூக்கு சுவத்துல இடிச்சுச்சு. சும்மா நின்னா வண்டியில போறதாயிடும். ஆச்சி மெல்லத் திரும்பினாங்க.

பக்கத்துல வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருந்த அம்மா கேட்டாங்க, "திரும்பி நடந்தா சென்னைக்குல்ல போவீங்க?"

நியாயந்தானே. ஆச்சிக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நின்ன எடத்துலயே வலது கால், இடது கால்னு மாத்தி மாத்தித் தூக்கி வச்சாங்க. "கோவிச்சுக்காதே முருகா, எடம் இல்லப்பா."

அப்போ ஒரு ஜங்ஷன் வந்துச்சு. க்றீச்... ரயில் நின்னுடுச்சு. டொக். டங். யாரோ எஞ்சினைக் கழட்டினாங்க. ஒரு சத்தமும் இல்ல. ஈ பறக்கறது கேட்டுச்சு. அப்புறம் தூரத்துல, ஆச்சி காலையில ஏறின கடைசிப் பெட்டிக்கும் அந்தாண்டை, டங். கூ...

எஞ்சினை வால்ல கொண்டுபோய் மாட்டிட்டாங்கடா. அந்த ஜங்ஷன்ல எப்பவுமே அப்படித்தான், ரயில் திரும்பிப் போகும். தலை வாலாச்சு, வால் தலையாச்சு. இப்போ ஆச்சி நிக்கறது கடைசிப் பெட்டி. முன்னாடி முழு ரயிலும் இருக்கு.

"இப்ப நடங்க"ன்னாங்க வேர்க்கடலை அம்மா.

ஒரு அடி. தடக் தடக். இன்னொரு அடி. இந்தத் தடவை ஆச்சி அவசரப்படலை. வெயில் மஞ்சளாச்சு. மஞ்சள் செம்மண்ணுல இறங்குச்சு. பெட்டியில ஒவ்வொருத்தரா தூங்கிப்போனாங்க. தூங்கினவங்க காலையெல்லாம் சுத்திச் சுத்தி ஆச்சி நடந்தாங்க. கடைசி அடியை எடுத்து வச்சப்போ அது காரைக்குடி பிளாட்பாரத்துல விழுந்துச்சு.

ம்...

காலையில அஞ்சு மணிக்குக் காவடி கிளம்புச்சு. ஆச்சியும் கிளம்பினாங்க. வேண்டுதலும் பொய்யாகலை.

கதை காரைக்குடியில இறங்கியாச்சு, நீ உன் தூக்கத்துல ஏறிக்க. போர்வையை இழுத்துக்க.

அன்னிக்கு எல்லாரும் காலைப் பலகாரத்துக்குப் பக்கத்துல இருக்கற குன்றக்குடிக்குப் போய்ச் சேர்ந்தாங்க. உமையாள் ஆச்சி, ரயில்ல கால் பழகின மாதிரியே நுனியில குதிகாலை ஒட்டி ஒட்டி வச்சு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்க.